எண்பதாயிரத்து ஒன்றிலிருந்து குறியீட்டு எண் வரை: நாடாளுமன்றச் சம்பளம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்திய நாடாளுமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் இப்போது 1,24,000 ரூபாய். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 2025 மார்ச் 21 அன்று வெளியிட்ட அறிவிக்கையோடு இந்தத் தொகை நடைமுறைக்கு வந்தது. இதற்காக ஒரு மசோதா வரவில்லை, வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2010இல் இதே விஷயத்துக்காக மக்களவை முடங்கியது. நடுவில் என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, அவை எதைத் தீர்த்தன, எதைத் தீர்க்காமல் விட்டன என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். ஆட்களைப் பதவியால் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். பெயர் சொன்னால் பேச்சு கட்சிச் சண்டைக்குப் போய்விடும். இங்கே விஷயம் நடைமுறை பற்றியது.

முதலில் சட்ட ஏற்பாடு. அரசியலமைப்பின் 106ஆவது பிரிவு, உறுப்பினர்களின் சம்பளத்தையும் படிகளையும் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தீர்மானிக்கலாம் என்கிறது. அமைச்சர்களுக்கு 75ஆவது பிரிவும், அவைத் தலைவர்களுக்கும் துணைத் தலைவர்களுக்கும் 97ஆவது பிரிவும் அதையே சொல்கின்றன. ஆக, வாங்குகிறவரே தீர்மானிக்கிறவர். இது தவறி நுழைந்த ஓட்டை இல்லை. சம்பளத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் ஆட்சியாளர் கையில் இருந்தால் அவைக்குச் சுதந்திரம் இருக்காது என்ற நியாயமான கவலை இதன் பின்னால் உண்டு.

இந்தப் பிரிவுகளின் கீழ் நான்கு சட்டங்கள் இருக்கின்றன: அமைச்சர்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம், அவைத் தலைவர்களுக்கு 1953, உறுப்பினர்களுக்கு 1954, எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு 1977. பார்வைக்கு நான்கு என்றாலும் எண் ஒன்றுதான். அமைச்சர், மக்களவைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர் எல்லோருடைய சம்பளமும் தினப்படியும் ‘1954 சட்டத்தில் உறுப்பினருக்கு உள்ள அதே விகிதம்’ என்றே எழுதப்பட்டிருக்கின்றன. பிரதமரும் இதற்குள்தான் வருகிறார்.

அப்படியானால் பதவிக்கென்று கூடுதலாக ஒன்றுமே இல்லையா? உண்டு, ஆனால் அது ஒளிந்திருக்கிறது. சாதாரண உறுப்பினருக்குத் தினப்படி அவைப் பணிக்கும் குழுப் பணிக்கும் வரும் நாட்களுக்குத்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அமைச்சருக்கோ பதவியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உண்டு. அதற்கு மேல் மாதந்தோறும் விருந்தோம்பல் படி: பிரதமருக்கு 3,000, கேபினட் அமைச்சருக்கு 2,000, இணை அமைச்சருக்கு 1,000, துணை அமைச்சருக்கு 600 ரூபாய். 2010 விகிதப்படி 31 நாள் உள்ள மாதத்தில் பிரதமருக்குச் சேரும் தொகையைக் கூட்டிப் பார்க்கலாம். சம்பளம் 50,000, தினப்படி 62,000, தொகுதிப் படி 45,000, விருந்தோம்பல் படி 3,000, மொத்தம் 1,60,000. சம்பளத்தை விடத் தினப்படி பெரிது! நாட்டை நடத்தும் வேலைக்கு என்ன ஊதியம் என்று யாரும் உட்கார்ந்து யோசித்து வந்த தொகை இல்லை இது. உறுப்பினர் சம்பளத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போனதில் தானாக வந்து நின்ற தொகை.

மாநிலங்களவைத் தலைவர் மட்டும் விதிவிலக்கு. குடியரசுத் துணைத் தலைவர் என்ற பதவிக்குத் தனியே சம்பளம் கிடையாது. அவைத் தலைவர் என்ற முறையில்தான் அவருக்குச் சம்பளம். அது 1953 சட்டத்திலேயே ஒரு நிலையான தொகையாக எழுதப்பட்டிருக்கிறது.

2010: என்ன நடந்தது

உறுப்பினர் சம்பளம் 1954இல் 400 ரூபாயில் தொடங்கியது. 1964இல் 500 ஆனது. 1988இல் 1,500, 1998இல் 4,000, 2001இல் 12,000, 2006இல் 16,000. பத்து வருடம் அசையாமல் கிடந்து, பிறகு மூன்றே வருடத்தில் மும்மடங்கு. இந்தத் தாறுமாறான ஏற்றம் பின்னால் நடந்ததற்கெல்லாம் அடிப்படை. கேட்க வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுவார்கள். கேட்கும்போது பெரிதாகக் கேட்பார்கள். பெரிதாகக் கேட்டதால் வெளியே கோபம் எழும். அந்தக் கோபத்துக்குப் பயந்து அடுத்த முறையும் தள்ளிப்போகும்.

ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் மத்திய அரசுச் செயலாளரின் சம்பளம் 80,000 ஆனது. அரசு மரபு வரிசையில் செயலாளரை விட உறுப்பினர் மேலே இருக்கிறார். எனவே இரு அவைகளின் கூட்டுக் குழு 80,001 ரூபாய் என்று பரிந்துரைத்தது. அந்த ஒரு ரூபாயைப் பலரும் கேலி செய்தார்கள். என் பார்வையில் கேலிக்குரியது ரூபாய் இல்லை, அளவுகோல். உறுப்பினரின் வேலை என்ன, செலவு என்ன, வேறு வருமானம் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விகளை விட்டுவிட்டு, யாருக்கு மேலே இருக்க வேண்டும் என்பதிலிருந்து கணக்கு தொடங்கியது.

2010 ஆகஸ்டில் அமைச்சரவை 50,000க்கு ஒப்புதல் தந்தது. இது மும்மடங்கு உயர்வு. ஆனாலும் பல எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 80,001 கேட்டு அவையை முடக்கினார்கள். அவை ஒத்திவைக்கப்பட்ட பிறகும் உள்ளேயே உட்கார்ந்து, தங்களில் ஒருவரைப் ‘பிரதமர்’ ஆக்கி மாதிரி நாடாளுமன்றம் நடத்தினார்கள். உறுப்பினர்களே தங்கள் சம்பளத்தைத் தீர்மானிப்பது சரியில்லை என்று இடதுசாரி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அந்தக் குரல் அமளியில் எடுபடவில்லை.

சில நாட்களில் சமரசம் வந்தது. சம்பளம் 50,000லேயே நின்றது. தொகுதிப் படியும் அலுவலகச் செலவுப் படியும் 40,000லிருந்து தலா 45,000 ஆயின. அதாவது மாதம் 10,000 கூடுதல். தினப்படி 1,000லிருந்து 2,000 ஆனது. மசோதா அதே மாதம் மக்களவையில் நிறைவேறியது, உயர்வு 2009 மே முதல் முன்தேதியிட்டுக் கிடைத்தது.

கவனிக்க வேண்டியது, எது வளைந்தது என்பதை. சம்பளம்தான் தலைப்புச் செய்தியாகும், ஆகவே அதில் அரசு பிடிவாதமாக இருந்தது. படிகள் அவ்வளவாகக் கண்ணில் படாது, ஆகவே அங்கே கொடுத்தது. இந்தப் படிகளைச் சட்டத் திருத்தமே இல்லாமல், 1954 சட்டத்தின் 9ஆவது பிரிவின் கீழ் உள்ள கூட்டுக் குழு விதிகள் மூலம் மாற்றலாம். பத்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து மாநிலங்களவை உறுப்பினர்களும் கொண்ட குழு அது. மத்திய அரசைக் கலந்து விதி செய்யும். இரு அவைத் தலைவர்களும் ஒப்புக்கொண்டால் போதும்.

2015 முதல் 2018 வரை: அழுத்தம் கூடிய காலம்

இன்னொரு கூட்டுக் குழு மறுபடியும் இரட்டிப்பாக்கப் பரிந்துரைத்தது. அரசு உடனே ஏற்கவில்லை. ஏழாவது ஊதியக் குழு வந்து 2016 ஜனவரி முதல் செயலாளர் சம்பளம் 2,25,000, அமைச்சரவைச் செயலாளர் சம்பளம் 2,50,000 ஆனபோது விநோதமான நிலை ஏற்பட்டது. குடியரசுத் தலைவருக்கு அப்போது 1,50,000தான். அவருக்குக் கீழே வேலை செய்யும் அதிகாரிக்கு அவரை விட ஒரு லட்சம் அதிகம்.

இதே காலத்தில் சென்னையில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017 ஜூலை 19 அன்று தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ.க்களின் மொத்த மாத ஊதியத்தை 55,000லிருந்து 1,05,000 ஆக்குவதாக அறிவித்தார். மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. இங்கே 1951ஆம் ஆண்டின் சம்பளங்கள் வழங்கல் சட்டம். உள்ளே பிரித்துப் பார்த்தால் சம்பளம் 8,000லிருந்து 30,000, தொகுதிப் படி 10,000லிருந்து 25,000, வாகனப் படி 20,000லிருந்து 25,000. மொத்தத்தில் மீதி ஈட்டுப்படி, தொலைபேசிப் படி, தொகுப்புப் படி போன்றவை. அதுவரை சம்பளத்தை விட வாகனப் படி இரண்டரை மடங்கு என்பது, மேலே சொன்ன அதே பழக்கத்தின் விளைவு. தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்திருந்த வாரம் அது. சட்டத்திருத்த மசோதா 2018 ஜனவரியில் வந்தபோது போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் ஊதியத்துக்காக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பிரதான எதிர்க்கட்சி எதிர்த்தது. மசோதா நிறைவேறியது, 2017 ஜூலை 1 முதல் முன்தேதியிட்டு.

தொகை நியாயமா இல்லையா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டு தேதிகளையும் தேர்ந்தெடுத்தது அரசே. கால அட்டவணை என்று ஒன்று இல்லாதபோது, எந்த நாளில் அறிவித்தாலும் அது தப்பான நாளாகத்தான் அமையும்.

2017 ஆகஸ்டில் மக்களவையில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரே எழுந்து, தமிழகச் சட்டமன்ற உயர்வையும் விவசாயிகள் போராட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, நமக்கு நாமே ஊதியம் உயர்த்திக்கொள்வதை நிறுத்த வேண்டும், வெளியமைப்பு ஒன்று வேண்டும் என்று பேசினார். பிரிட்டனை அவர் உதாரணம் காட்டினார். அங்கே 2009 செலவுப்பட்டியல் முறைகேட்டுக்குப் பிறகு அமைந்த சுயேச்சை ஆணையம்தான் உறுப்பினர் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. 2015இல் அது 67,060 பவுண்டிலிருந்து 74,000 ஆக்கியபோது கட்சித் தலைவர்கள் வேண்டாம் என்றார்கள், ஆணையம் கேட்கவில்லை. அமைச்சர் பதவிக்கான கூடுதல் ஊதியம் அங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியாக இருக்கிறது.

2018: எடுத்த முடிவும் காரணமும்

2018 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் இந்த விமர்சனத்தை ஒப்புக்கொண்டார். பெறுகிறவர்களே தங்கள் ஊதியத்தை நிர்ணயிக்கும் பழக்கம் கண்டனத்துக்கு இடம் தருகிறது என்ற பொருளில் பேசி, இரண்டு முடிவுகளை அறிவித்தார். ஒன்று, சம்பளம் ஏப்ரல் முதல் 1,00,000. இரண்டு, 2023 ஏப்ரல் 1லிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, வருமான வரிச் சட்டத்தில் மூலதன ஆதாயத்துக்கு, அதாவது சொத்தை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு, வரி கணக்கிடப் பயன்படும் செலவுப் பணவீக்கக் குறியீட்டை ஒட்டித் தானாக உயரும். கூடவே குடியரசுத் தலைவருக்கு 5 லட்சம், துணைத் தலைவருக்கு 4 லட்சம், ஆளுநர்களுக்கு 3.5 லட்சம். தொகுதிப் படி 70,000, அலுவலகச் செலவு 60,000 என விதிகளும் மாறின.

சுயேச்சை ஆணையத்தை விட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வசதி இருக்கிறது. ஆணையம் என்றால் உறுப்பினர்களின் வருகை, வேறு வருமானம், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் கேட்கும். பிரிட்டனில் நடந்தது போல அரசியல் சங்கடமான நேரத்தில் ஒரு எண்ணைச் சொல்லும். குறியீடு எதையும் கேட்காது. இன்னொரு பக்கம், அரசியலமைப்பு நாடாளுமன்றத்துக்குத் தந்த அதிகாரத்தை வெளியே ஒப்படைக்கிறோமா என்ற சட்டச் சிக்கலும் எழாது, ஏனென்றால் சூத்திரத்தை எழுதியதே நாடாளுமன்றச் சட்டம்தான். இந்தக் காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது.

வழிதான் சரியில்லை. இந்தத் திருத்தங்கள் தனி மசோதாவாக வராமல் நிதி மசோதாவின் உள்ளே வந்தன. ஆந்திரச் சிறப்பு அந்தஸ்து கேட்டு ஒரு பக்கம், காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழக உறுப்பினர்கள் ஒரு பக்கம் என அவை அமளியில் இருந்தபோது, மார்ச் 14 அன்று நிதி மசோதா விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது. தங்களுக்குத் தாங்களே சம்பளம் போட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் விதியைப் பற்றி உறுப்பினர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஏப்ரலில், ஆளுங்கூட்டணி உறுப்பினர்கள் அவை நடக்காத 23 நாட்களுக்கான ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார்கள். புதிய ஒரு லட்சம் தொடங்கிய முதல் வாரம் அது.

அதே ஏப்ரலில் முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியத்தை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அது நாடாளுமன்றம் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்ற நிலை உறுதியானது.

பின்தொடர்ந்தவை

முதல் சோதனை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக அவசரச் சட்டம் மூலம் உறுப்பினர் சம்பளம் ஓராண்டுக்கு 30 சதவீதம் குறைக்கப்பட்டது. அமைச்சர்களின் விருந்தோம்பல் படிக்கு மட்டும் இன்னொரு அவசரச் சட்டம் தேவைப்பட்டது: 3,000 என்பது 2,100 ஆனது, 2,000 என்பது 1,400. சம்பளத்துக்குத் தனிச் சட்டம் தேவைப்படவில்லை. 1954இன் எண் இறங்கியதும் பிரதமரிலிருந்து எதிர்க்கட்சித் தலைவர் வரை எல்லோருடையதும் கூடவே இறங்கியது. நான்கு சட்டங்களும் ஒரே ஆணியில் தொங்குவது இந்த ஒரு விஷயத்தில் வசதி.

இங்கே ஒரு சின்ன விலகல். 2014 முதல் 2024 வரை மக்களவையில் யாரும் எதிர்க்கட்சித் தலைவராக அங்கீகரிக்கப்படவில்லை. 2019இல் தொடங்கிய மக்களவை துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்காமலேயே முடிந்தது. சட்டத்தில் சம்பளம் இருந்தது, வாங்க ஆள் இல்லை.

இரண்டாவது சோதனை 2023 ஏப்ரல் 1. அன்று உயர வேண்டியது உயரவில்லை. 2024 பொதுத் தேர்தல் வந்து போனது, புதிய அவை அமைந்தது. 2025 மார்ச் 21 அன்றுதான் அறிவிக்கை வந்தது, இரண்டு ஆண்டு நிலுவையோடு. கணக்கு என்னவோ துல்லியம். 2018-19இன் குறியீடு 280, 2023-24இன் குறியீடு 348. வித்தியாசம் 24 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு லட்சம் 1,24,000 ஆனது. தினப்படி 2,000லிருந்து 2,500. ஓய்வூதியம் 25,000லிருந்து 31,000. தொகுதிப் படி 87,000, அலுவலகச் செலவு 75,000. கேபினட் அமைச்சருக்கு 31 நாள் மாதத்தில் சம்பளம், தினப்படி, தொகுதிப் படி, விருந்தோம்பல் படி சேர்த்து 2,90,500 வரும். விருந்தோம்பல் படி குறியீட்டோடு சேராததால் பழைய 2,000லேயே நிற்கிறது.

இதை 2010ஓடு ஒப்பிட்டால் ஒரு விஷயத்தில் தெளிவான வெற்றி. இந்த முறை யாரும் அவையை முடக்கவில்லை, மும்மடங்கு என்ற பேச்சே இல்லை. செலவுப் பணவீக்கக் குறியீடு, நகர்ப்புற நுகர்வோர் விலை ஏற்றத்தில் 75 சதவீதத்தைக் கணக்கில் கொண்டு நிர்ணயிக்கப்படுவது. ஆகவே உறுப்பினரின் உயர்வு விலைவாசிக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். சட்டத்தில் இருந்தும் இரண்டு வருடம் தாமதித்ததால்தான் தலைப்புச் செய்திகளில் ‘24 சதவீத உயர்வு’ என்று திடீரென்று கொடுத்தது போலத் தெரிந்தது. உரிய ஏப்ரலில் அறிவித்திருந்தால், ஐந்து வருடத்துக்கு முன் போட்ட சூத்திரத்தின் விடை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

மாற்ற வேண்டியவை

குறியீடு ‘எப்போது, எவ்வளவு ஏற வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. ‘எதன் மேல்’ என்பதற்குச் சொல்லாது. 2018இன் ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 80,001க்கு இருந்த அளவுக்குக்கூட விளக்கம் கிடையாது. ஐம்பதாயிரத்தை இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். செயலாளருக்கு மேலே இருக்க வேண்டும் என்ற வாதம் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. அதைக் கைவிட்டது நல்லதுதான், ஆனால் அதன் இடத்தில் வேறு வாதம் வரவில்லை. அடிப்படைத் தொகையை மட்டும், இரண்டு மூன்று மக்களவைக் காலத்துக்கு ஒரு முறை, உறுப்பினரல்லாதவர்கள் கொண்ட குழு பரிசீலித்துச் சொல்லலாம். முடிவு நாடாளுமன்றத்திடமே இருக்கட்டும். குழுவின் காரணங்கள் பொதுவில் இருந்தால் போதும்.

அமைச்சர் ஊதியம் இதை விட அவசரம். முழு நேரப் பதவிக்கான ஊதியம் ‘எல்லா நாளுக்கும் தினப்படி’ என்ற உருவில் மறைந்திருப்பது யாருக்கும் நல்லதில்லை. தினப்படி என்பது அவைக்கு வந்து தங்குவதற்கான செலவு. டெல்லியில் அரசு வீட்டில் இருக்கும் அமைச்சருக்கு அதன் நியாயம் என்ன? அதை நீக்கிவிட்டுப் பதவி ஊதியம் என்று நேரடியாக எழுதினால் மொத்தத் தொகை மாறாவிட்டாலும் மக்களுக்குப் புரியும். இரு அவைத் தலைவர்களில் ஒருவருக்கு 4 லட்சம் நிலையாகவும், இன்னொருவருக்கு 1,24,000 குறியீட்டோடும் இருப்பதும் அப்போது பேசித் தீர வேண்டிய விஷயம். மாநிலங்களும் குறைந்தபட்சம் உயர்வுக்கான தேதியைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். போராட்ட நாளில் மசோதா வருவது அதன் பிறகாவது தவிரும்.

கடைசியாக, அடுத்த உயர்வு 2028 ஏப்ரல் 1. அது தொங்கும் குறியீட்டின் நிலைமை மாறிவிட்டது. 2024 ஜூலை 23க்குப் பிறகு பெரும்பாலான சொத்துகளின் மூலதன ஆதாயத்துக்குக் குறியீட்டுச் சலுகை, அதாவது வாங்கிய விலையைக் குறியீட்டின்படி உயர்த்திக் கணக்கிடும் சலுகை, கிடையாது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய மனை, வீட்டுக்கு மட்டும் ஒரு மாற்று வாய்ப்பாக அது எஞ்சியிருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரலிலிருந்து 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. பழைய சட்டத்தைச் சுட்டும் வரியைப் புதிய சட்டத்தைச் சுட்டுவதாகவே படிக்கலாம் என்று 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் இடம் தருகிறது. சட்டப்படி சிக்கல் இல்லை. ஆனால் வரிக்குத் தேவை குறைந்துகொண்டே போகும் ஒரு எண்ணை எம்.பி. சம்பளத்துக்காகக் காப்பாற்றி வைப்பதில் அர்த்தம் இல்லை. 1954 சட்டத்தில் அந்த ஒரு வரியை மாற்றி நுகர்வோர் விலைக் குறியீட்டை நேரடியாகவும், அறிவிக்கை வெளியாக வேண்டிய கடைசித் தேதியையும் எழுதிவிடலாம். இந்த முறை தனி மசோதாவாக, விவாதத்தோடு.